பாக் சோய்: ஒரு கீரையின் பெயர் வந்த வழி

சீனக் கோஸ் என்று சொன்னவுடன் மனத்தில் எழும் உருவம் ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒருவர் நினைப்பது ஒரு சாண் உயரத்தில் கொத்தாக நிற்கும் ஒரு கீரையை. அதன் அடியில் தடித்துக் குழிந்த வெள்ளைத் தண்டுகளும் மேலே வழவழப்பான கரும்பச்சை இலைகளும் இருக்கும், இலைகள் எங்கும் உருண்டு மூடிக்கொள்வதில்லை. இன்னொருவர் நினைப்பது இரண்டு கிலோ வரை எடையுள்ள, நீண்டு பருத்த ஒரு கோசை. வெளிர்பச்சையும் இளமஞ்சளுமான சுருக்க இலைகள் நடுவில் அகன்ற வெள்ளை நரம்போடு ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிப் பொதிந்திருக்கும். முதலாவதைப் பாக் சோய் என்றும் இரண்டாவதை நாப்பா கோஸ் என்றும் இன்று கடைகளில் பிரித்துச் சொல்கிறார்கள். ஆனால் சீன எழுத்தில் இவ்விரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். தென்சீன நகரமான கான்டனில் ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு பெய்ஜிங்கில் காய் வாங்கப் போனால், அதே இரண்டு எழுத்துகளைப் படித்துவிட்டு அங்குள்ள கடைக்காரர் வேறொரு காயை எடுத்துத் தருவார். ஒரு பெயர் எப்படி இரண்டு செடிகளுக்கு உரியதாயிற்று என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தப் பெயரையே பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெயரில் உள்ள இரண்டு சொற்கள்

பாக் சோய் என்பது கான்டனீஸ் மொழியில், அதாவது குவாங்டங் மாநிலத்திலும் ஹாங்காங்கிலும் பேசப்படும் சீன மொழியில், வழங்கும் சொல். பாக் என்றால் வெள்ளை. சோய் என்றால் கீரை அல்லது காய்கறி. ஆகவே பெயரின் பொருள் வெள்ளைக் கீரை என்பதே. இதில் மறைபொருளும் இல்லை, ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் இல்லை. தண்டின் நிறத்தைப் பார்த்தவர்கள் அப்படியே சொன்ன பெயர் அது.

சோய் என்ற சொல் தமிழருக்கு எளிதில் விளங்கும். நாம் அரைக்கீரை, தண்டுக்கீரை, முருங்கைக்கீரை என்று ஒரு பொதுச்சொல்லுக்கு முன்னால் ஓர் அடையாளத்தைச் சேர்த்துப் பெயர் வைப்பது போலவே, சீனர்களும் சோய் என்பதற்கு முன்னால் ஓர் அடையாளத்தைச் சேர்க்கிறார்கள். கடுகின் இனத்தைச் சேர்ந்த கீரை காய் சோய். வெள்ளைத் தண்டுடையது பாக் சோய். சோய் சம் என்ற இன்னொரு கீரையில் மட்டும் பொதுச்சொல் முன்னால் வருகிறது. அதற்குக் கீரையின் நெஞ்சு என்று பொருள், ஏனெனில் அதில் உண்ணப்படுவது நடுவிலிருந்து எழும் இளந்தண்டும் பூமொட்டும். இந்தப் பொதுச்சொல் இன்னும் ஒரு வகையிலும் நமக்கு நெருக்கமானது. சீனத்தில் அது பச்சைக் கீரையை மட்டும் குறிப்பதன்று. சமைத்துத் தட்டில் வைத்த உணவையும், ஒரு வட்டாரத்தின் சமையல் முறையையும் அதே சொல்லால் குறிக்கிறார்கள். காய்கறி, மரக்கறி என்று சமைக்காததையும், வைத்து இறக்கிய குழம்பையும் கறி என்ற ஒரே சொல்லால் நாம் சுட்டுவதை நினைத்துக்கொண்டால், அந்தச் சீனச் சொல்லின் அகலம் உடனே பிடிபடும்.

ஆங்கிலத்தில் இந்தப் பெயரைச் சிலர் போக் என்றும் சிலர் பாக் என்றும், முதலெழுத்தைச் சிலர் குரல் அதிரும் b ஆகவும் சிலர் அதிராத p ஆகவும் எழுதுகிறார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு வடிவம் நிலைத்தது. பிரிட்டனில் மற்றொன்று நிலைத்தது. இரண்டு வெவ்வேறு கீரைகள் என்று இதனால் எண்ணுபவர்கள் உண்டு. உண்மையில் இது காதில் விழுந்த ஒலியை எழுத்தில் பிடிப்பதில் வந்த வேறுபாடுதான். கான்டனீஸ் மொழியில் இந்தச் சொல்லின் முதல் ஒலி அதிர்வும் இல்லாதது, மூச்சு விட்டு ஒலிக்கப்படாததும் கூட. ஆங்கிலேயர் காதுக்கு அது ஒருமுறை ஒன்றாகவும் மறுமுறை இன்னொன்றாகவும் கேட்கிறது. தமிழரின் நாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பால், பழம் என்று நாம் சொல்லும்போது பிறக்கும் பகரம் ஏறத்தாழ அதே ஒலிதான். எனவே பாக் என்று தமிழில் எழுதுவது ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துமுறைகளையும் விட மூல ஒலிக்கு நெருக்கமானது என்று துணிந்து சொல்லலாம். கடைசியில் வரும் ககர மெய் மட்டும் கவனிக்கத்தக்கது. அந்த ஒலி தொண்டையருகே அடைபட்டு, வெளிவிடப்படாமலேயே நின்றுவிடுகிறது. அதன்பின் ஓர் உகரத்தைச் சேர்த்தால் அது வெற்றிலையோடு சேரும் பாக்காகிவிடும்.

வெள்ளை என்பதற்கு முன்பிருந்த பெயர்

வெள்ளைக் கீரை என்ற பெயர் இச்செடிக்கு முதலில் இருந்த பெயர் அல்ல. பழைய சீன நூல்கள் இதைச் சோங் என்ற ஒற்றைச் சொல்லால் குறித்தன. அந்தச் சொல்லை எழுதும் முறை அழகானது. பைன் மரத்தைக் குறிக்கும் எழுத்தை எழுதி, அதன் தலையில் புல் பூண்டுகளைக் குறிக்கும் குறியைச் சூட்டினால் சோங் என்ற எழுத்து கிடைக்கும். பூண்டினத்தில் பிறந்த ஒரு பைன் என்று அதைப் படிக்கலாம். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லூ தியான் என்ற அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார்: இந்தக் கீரை குளிர்காலத்தை எதிர்த்து நின்று, மற்றவை எல்லாம் உதிர்ந்த பின்னும் வாடாமல் இருக்கிறது, பைன் மரத்தின் உறுதி இதற்கும் இருப்பதால் இந்தப் பெயர் வந்தது. சீன இலக்கியத்தில் பைன் மரம் துன்பத்தில் தளராத சான்றோருக்கு உவமை. அந்த உவமையை ஒரு கீரைக்குக் கொடுத்தவர்கள், குளிர்காலத்தில் பச்சையாக ஏதும் கிடைக்காத நாட்களில் அதை நம்பி உண்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். எழுத்தின் வடிவத்தைக் கொண்டு சொல்லின் பிறப்பைச் சொல்லும் இத்தகைய விளக்கங்களை மொழியியலார் அப்படியே ஏற்பதில்லை. பைன் என்ற எழுத்து ஒலியைக் காட்டுவதற்காகவே அங்கே வைக்கப்பட்டிருக்கலாம். ஆனாலும் அக்காலத்தவர் அந்தக் கீரையை எந்த மதிப்போடு பார்த்தார்கள் என்பதற்கு அந்த விளக்கம் நல்ல சான்று.

அந்த மதிப்புக்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. 479 முதல் 502 வரை ஆண்ட தென் சீ அரசின் வரலாற்றில், மலையில் எளிய வாழ்வு வாழ்ந்து காய்கறி மட்டுமே உண்ட சோவ் யோங் என்ற அறிஞரிடம் பட்டத்து இளவரசர், காய்கறிகளில் எது சுவை மிக்கது என்று கேட்டதாக ஒரு செய்தி வருகிறது. இளவேனில் தொடக்கத்தில் முந்தி வரும் பூண்டுத்தாளும், இலையுதிர்காலக் கடைசியில் பிந்தி வரும் சோங் கீரையும் என்பது அவர் சொன்ன விடை. பருவத்தின் கடைசியில் வருவது என்று அவர் குறிப்பிட்டுச் சொன்னதில் ஒரு காரணம் இருக்கிறது. இந்த இனச் செடிகள் உறைபனி தொட்டபின் தம் உயிரணுக்களில் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கின்றன. அதனால் குளிர்பட்ட கீரை உண்மையிலேயே இனிப்பாக இருக்கும்.

சோங் என்ற பழம்பெயர் எப்போது வெள்ளைக் கீரைக்கு வழிவிட்டது என்பதை ஒரு நாளில் நிறுத்திச் சொல்ல இயலாது. ஆனால் 1596இல் நான்கிங் நகரில் அச்சான லீ ஷிசென்னின் மூலிகைப் பேரேட்டில் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. லூ தியானின் பைன் விளக்கத்தை எடுத்தாண்ட பின், இக்காலத்தில் மக்கள் இதை வெள்ளைக் கீரை என்கிறார்கள், ஏனெனில் இதன் நிறம் பச்சை கலந்த வெள்ளை என்று அவர் எழுதுகிறார். அதாவது, 16ஆம் நூற்றாண்டில் சோங் புலவர்களின் சொல்லாகவும், வெள்ளைக் கீரை சந்தையின் சொல்லாகவும் இருந்தன. சந்தையின் சொல்லே நின்றது.

விதை வடக்கே போனால் என்ன ஆகும்

659இல் தாங் அரசவை தொகுப்பித்த மருந்து நூலில் சோங் கீரையைப் பற்றி ஒரு வியப்பான குறிப்பு உள்ளது. இந்தக் கீரை வடநாட்டில் வளர்வதில்லை. யாரோ ஒருவர் இதன் விதையை வடக்கே கொண்டுபோய் விதைத்தார். முதல் ஆண்டு பாதிச் செடிகள் டர்னிப் கிழங்காக மாறின. இரண்டாம் ஆண்டு சோங் என்ற வகையே இல்லாமல் அழிந்துபோயிற்று. டர்னிப் விதையைத் தெற்கே விதைத்தாலும் இரண்டு ஆண்டுகளில் இவ்வாறே மாறிவிடும் என்று அந்நூல் கூறுகிறது.

மேலோட்டமாகப் படித்தால் இது கட்டுக்கதை போலத் தோன்றும். ஆனால் தாவரவியல் தெரிந்தவர் இதை அப்படித் தள்ளமாட்டார். கீரையாக வளரும் பாக் சோயும், உருண்டு மூடும் நாப்பாவும், மண்ணுக்குள் கிழங்கு வைக்கும் டர்னிப்பும் ஒரே சிற்றினத்தின் மூன்று முகங்கள். அந்தச் சிற்றினத்தின் அறிவியல் பெயர் பிராசிக்கா ராப்பா. வண்டும் தேனீயும் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோனால் தடையின்றி விதை பிடிக்கும். சுற்றிலும் டர்னிப் வயல்களாக இருந்த வடநாட்டில் சில சோங் செடிகளைப் பூக்க விட்டு, அவற்றின் விதையை எடுத்து மறுமுறை விதைத்தால், அடுத்த தலைமுறை டர்னிப்பின் பக்கம் சாய்வது இயல்பே. 1,300 ஆண்டுகளுக்கு முன் தோட்டக்காரர் ஒருவர் கண்டது உண்மை. அதற்கு அக்காலத்தவர் சொன்ன காரணம், அதாவது மண் மாறினால் செடி மாறும் என்பது, மட்டுமே பிழை. பழைய நூல்களைப் படிக்கும்போது காட்சியையும் காரணத்தையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்பதை இதைவிடச் சிறப்பாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

இதே உண்மை பின்னாளில் ஜப்பானியருக்கும் தலைவலியாக வந்தது. நாப்பா வகை அங்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சீனாவிலிருந்து சென்றது. முதலில் விதைத்தவர்களுக்கு நன்றாக உருண்டு வந்த கோஸ், அவர்களே எடுத்த விதையிலிருந்து வளர்ந்தபோது உருளாமல் விரிந்து நின்றது. ஜப்பானில் வழிவழியாகப் பயிராகி வந்த டர்னிப்பும் பலவகைக் கீரைகளும் அதே சிற்றினம் என்பதால், பக்கத்து வயலின் மகரந்தம் வந்து கலந்துவிட்டது. வடகிழக்கில் உள்ள மியாகி வட்டாரத்தினர் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். மட்சுஷிமா விரிகுடாவில் உள்ள தீவுகளில் விதைச்செடிகளை வளர்த்தார்கள். கடல் வேலியாக நின்றது. விதை தூய்மையாயிற்று. அதன்பிறகே அந்தக் கோஸ் ஜப்பான் முழுவதும் பரவியது.

ஒரே பெயர் இரண்டாவது செடிக்குப் போனது

வெள்ளைக் கீரை என்ற பெயர் தென்சீனத்தில் விரிந்த இலைக் கீரையையே குறித்தது, இன்றும் குறிக்கிறது. வடக்கில் நடந்தது வேறு. உழவர்கள் தலைமுறை தலைமுறையாக, உள்ளிலைகள் ஒன்றையொன்று தழுவி மூடும் செடிகளையே விதைக்கு விட்டு வந்ததால், இறுகிய தலையுடைய வகை அங்கே உருவாயிற்று. நீண்ட குளிர்காலத்துக்கு அதுவே பொருத்தம். விரிந்த கீரை சில நாட்களில் வாடிவிடும். மூடிய கோசை வெளியிலைகளோடு அடுக்கி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் வடக்கில் வெள்ளைக் கீரை என்றாலே அந்த மூடிய கோஸ் என்று ஆனது. பெய்ஜிங்கின் மாண்டரின் மொழியில் அதன் ஒலிப்பு பாய் சாய். எழுத்து மாறவில்லை, ஒலிப்பும் பொருளும் மாறின. துல்லியம் வேண்டும்போது அவர்கள் மூடிய கோசைப் பெரிய வெள்ளைக் கீரை என்றும், தெற்கத்திக் கீரையைச் சிறிய வெள்ளைக் கீரை என்றும் சொல்கிறார்கள்.

தெற்கே உள்ளவர்களோ தங்கள் கீரைக்கு முன்னமே அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டதால், வடக்கிலிருந்து வந்த கோசுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருந்தது. கான்டனீஸ் மொழியில் அதை வோங் ஙா பாக் என்கிறார்கள். மஞ்சள் முளை வெள்ளை என்பது அதன் நேர்ப்பொருள். இந்தப் பெயருக்கும் லீ ஷிசென்னின் நூலில் ஒரு வேர் கிடைக்கிறது. தலைநகரின் தோட்டக்காரர்கள் இக்கீரையை நிலவறையில் வைத்து, குதிரைச் சாணத்தை இட்டு, காற்றும் வெயிலும் படாமல் வளர்க்கிறார்கள். அப்போது எழும் இலைகள் இளமஞ்சளாக, நார் இல்லாமல், மொறுமொறுப்பாக இருக்கும். அதற்கு மஞ்சள் முளைக் கீரை என்று பெயர். செல்வர்கள் அதை அரும்பொருளாக மதிக்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். இருட்டில் வளரும் இலையில் பச்சையம் உருவாகாது என்பதே அந்த மஞ்சளுக்குக் காரணம். தலை மூடும் வகை வந்தபின் நிலவறை தேவைப்படவில்லை. வெளியிலைகளே உள்ளிலைகளுக்கு இருட்டறையாக அமைந்தன. செல்வர்களின் அரும்பொருள் எளியவர்களின் அன்றாடக் காயாயிற்று. பெயர் மட்டும் அந்தப் பழைய நிலவறையை நினைவில் வைத்துக்கொண்டு நிற்கிறது. ஆஸ்திரேலியக் கடைகளில் இதை வோம்பாக் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அது இந்தக் கான்டனீஸ் பெயர் சுருங்கி வந்த வடிவம்.

ஷாங்காயில் இன்னொரு திருப்பம் காத்திருக்கிறது. அங்கே விரும்பப்படுவது தண்டும் இளம்பச்சையாகவே இருக்கும் வகை. வெள்ளையே இல்லாத அதை வெள்ளைக் கீரை என்று சொல்ல அவ்வூராருக்கு மனம் வரவில்லை; பச்சைக் கீரை என்றே சொல்கிறார்கள். ஆனால் அதே கீரை கடல்கடந்து போகும்போது ஷாங்காய் பாக் சோய் என்ற பெயரோடு போகிறது.

எளியவர் உணவாகிவிட்டதன் அடையாளங்கள் வடசீனப் பேச்சில் நிறைய உண்டு. மிக மலிவாகக் கிடைக்கும் எதையும் வெள்ளைக் கீரை விலை என்று சொல்வது இன்றும் வழக்கம். 1980கள் வரை பெய்ஜிங்கில் நவம்பர் மாதத் தொடக்கத்தில் லாரி லாரியாக இக்கோஸ் வந்து தெருவோரத்தில் மலைபோல் குவியும்; குடும்பங்கள் நூற்றுக்கணக்கான கிலோவை வாங்கி, மாடத்திலும் படிக்கட்டடியிலும் அடுக்கிப் பழம்போர்வையால் மூடி, இளவேனில் வரை அதையே உண்டார்கள். 1989இல் விளைச்சல் மிகுந்து விற்காமல் தேங்கியபோது, அதை வாங்குவது நாட்டுப்பற்று என்று மக்களிடம் எடுத்துச் சொல்லப்பட்டது. மறுபுறம், தாய்பேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் மக்கள் வரிசையில் நின்று பார்க்கும் பொருள்களுள் ஒன்று இந்தக் கோசின் உருவம்தான். பாதி வெள்ளையும் பாதிப் பச்சையுமான ஒரே ஜேட் கல்லில், வெள்ளைப் பகுதியைத் தண்டாகவும் பச்சைப் பகுதியை இலையாகவும் செதுக்கி, இலைநுனியில் இரண்டு பூச்சிகளை அமர்த்தியிருக்கிறார் பெயர் தெரியாத ஒரு சிற்பி. உயரம் 18.7 சென்டிமீட்டர்தான். குவாங்சு பேரரசரின் துணைவியருள் ஒருவரான ஜின் வாழ்ந்த மாளிகையில் அது இருந்தது. பாய் சாய் என்ற ஒலி நூறு செல்வம் என்ற பொருள் தரும் சொற்களோடு ஒத்து ஒலிப்பதால், கோஸ் உருவத்தை வீட்டிலும் கடையிலும் வைப்பதை மங்கலமாகக் கருதுகிறார்கள்.

கடல் கடந்த பெயர்

பெயர் அண்டை நாடுகளுக்குச் சென்ற கதையில்தான் மொழியின் போக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. புலம்பெயர்ந்த சீனர்களுள் பலர் தென்கிழக்குச் சீனத்தின் ஹொக்கியன் மொழியைப் பேசுபவர்கள். அவர்கள் வாயில் இது பே சாய். பிலிப்பைன்ஸ் மக்கள் அதைப் பெச்சாய் என்று தமதாக்கிக்கொண்டார்கள். இந்தோனேசியாவில் பெட்சாய் என்ற சொல் வழங்குகிறது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழருக்கு இந்தக் கீரைகள் தலைமுறைகளாகப் பழக்கமானவை. அங்கே சந்தையில் ஒலிக்கும் மலாய்ச் சொல் சவி. கடுகின் இனத்துக் கீரைகள் பலவற்றுக்கும் அது பொதுப்பெயர்.

கொரியாவில் மூடிய கோசின் பெயர் பேச்சு. பழைய சீன ஒலிப்பிலிருந்து நெடுங்காலத்துக்கு முன்பே போய், கொரிய நாவில் உருமாறிய அதே வெள்ளைக் கீரைதான் அது. தமிழின் பேச்சு என்ற சொல்லோடு அது ஒத்து ஒலிப்பது தற்செயல். கொரியத்துக்கும் தமிழுக்கும் உறவு தேடுவோர் ஒலி ஒற்றுமையை மட்டும் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை இங்கே எடுத்துச் சொல்கிறேன். ஒரு சொல்லின் பழைய வடிவத்தைத் தேடிப் பார்த்தபின் எஞ்சும் ஒற்றுமையே பொருட்படுத்தத்தக்கது. அந்தப் பேச்சு கோசை உப்பிட்டு, மிளகாயும் பூண்டும் சேர்த்துப் புளிக்கவைப்பதே கிம்ச்சி. கிம்ச்சி என்ற சொல்லின் கடைசி அசையிலும் நாம் பார்த்த அதே சீனப் பொதுச்சொல் ஒளிந்திருக்கிறது. உப்புநீரில் மூழ்கிய கீரை என்ற பொருளுடைய சீனத் தொடரிலிருந்து அது வந்தது. குளிர்காலத்துக்கு முன் குடும்பமும் அண்டைவீடும் கூடிக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் என்ற வழக்கம் 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

ஜப்பானியர் அதே இரண்டு எழுத்துகளை ஹாகுசாய் என்று படிக்கிறார்கள். பாக் எங்கே, ஹாகு எங்கே என்று தோன்றலாம். பழைய ஜப்பானியத்தில் சொல்முதலில் இருந்த பகர ஒலி காலப்போக்கில் ஹகரமாகிவிட்டது. நமக்கு இது அயலான மாற்றமன்று. தமிழின் பால் கன்னடத்தில் ஹாலு. பத்து அங்கே ஹத்து. பாக் ஹாகுவானதும் அதே வழியில்தான். சொல்லிறுதியில் ஜப்பானியர் ககரத்தோடு உகரம் சேர்த்துக் காப்பாற்றினார்கள். மாண்டரின் பேசுவோர் அதை அடியோடு விட்டுவிட்டார்கள். எனவே பழைய ஒலிக்கு நெருக்கமானது எது என்று கேட்டால், தலைநகரின் பாய் அன்று, தெற்கத்திய பாக்.

இப்போது நாப்பா என்ற பெயருக்கு வரலாம். கலிஃபோர்னியாவில் திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன நாப்பா பள்ளத்தாக்கு இருப்பதால், கோஸ் அங்கிருந்து வந்தது என்று நம்புவோர் பலர். பள்ளத்தாக்கின் பெயருக்கும் கோசின் பெயருக்கும் தொடர்பே இல்லை. கோசின் பெயர் ஜப்பானியச் சொல். கீரையைக் குறிக்கும் சீன எழுத்தை ஜப்பானியர் தங்கள் சொந்தச் சொல்லால் படித்தால் அது நா. இலை என்பது ஹா. இரண்டும் சேர்ந்து நப்பா என்றாகும்போது, சற்றுமுன் சொன்ன பழைய பகரம் மீண்டும் தலைகாட்டுவதைக் கவனிக்கலாம். நப்பா என்றால் ஜப்பானில் எந்தக் கீரையும்தான். முள்ளங்கித் தழையும் நப்பாவே. ஜப்பானியர் வாயிலிருந்த இந்தப் பொதுச்சொல்லை அமெரிக்கர்கள் இந்த ஒரு கோசின் தனிப்பெயராக எடுத்துக்கொண்டார்கள். கீரை என்று நாம் சொல்வதைக் கேட்ட வெளியூர்க்காரர், அரைக்கீரைக்கு மட்டும் அதுதான் பெயர் என்று எண்ணிக்கொண்டு போனால் எப்படியோ அப்படி. ஆக, சோய், சாய், கிம்ச்சியின் கடையசை, நப்பாவின் முதலசை ஆகிய எல்லாவற்றின் பின்னும் நிற்பது ஒரே ஓர் எழுத்து.

கோஸ் என்று சொல்லலாமா

ஐரோப்பியத் தாவரவியலார் இச்செடிகளுக்கு இட்ட பெயர்களில் நாடும் நகரும் வந்தன. லின்னேயஸ் 1755இல் தண்டுக் கீரை வகைக்குச் சீனத்துக்குரியது என்ற பொருளில் சைனென்சிஸ் என்று பெயரிட்டார். கொச்சின்சீனாவில், அதாவது இன்றைய வியட்நாமின் நடு, தென் பகுதிகளில், நெடுங்காலம் தங்கிய போர்த்துகீசியத் துறவி லூரெய்ரோ 1790இல் மூடிய வகையைப் பெக்கிங் நகரின் பெயரால் பெக்கினென்சிஸ் என்று குறித்தார். இன்று இரண்டும் பிராசிக்கா ராப்பா என்ற சிற்றினத்தின் உட்பிரிவுகளாகவே கொள்ளப்படுகின்றன.

நம் முட்டைக்கோஸ் இந்தச் சிற்றினம் அன்று. அது ஐரோப்பியக் கடற்கரையில் தோன்றிய பிராசிக்கா ஒலரேசியா. காலிஃபிளவரும் நூக்கோலும் அதன் உடன்பிறப்புகள். இரண்டு சிற்றினங்களின் உறவை 1935இல் துல்லியமாக விளக்கியவர், தோக்கியோவில் கொரியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த ஊ ஜாங்சுன். பிராசிக்கா ராப்பாவில் 20 குரோமோசோம்கள், முட்டைக்கோஸ் இனத்தில் 18, கருங்கடுகில் 16. இந்த மூன்றும் இரண்டிரண்டாகக் கலந்து மேலும் மூன்று சிற்றினங்களைத் தந்தன என்று அவர் காட்டினார். முக்கோணமாக வரையப்படும் அந்த விளக்கத்தில் தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டிய ஒரு புள்ளி உண்டு. பிராசிக்கா ராப்பாவும் கருங்கடுகும் கலந்து பிறந்தது 36 குரோமோசோம்கள் உடைய பிராசிக்கா ஜன்சியா. நாம் எண்ணெயில் பொரியவிட்டுத் தாளிக்கும் கடுகு அதுதான். ஆகவே பாக் சோய் நம் அடுப்படிக்கு முற்றிலும் அயலானதன்று. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகின் ஒரு பாதி அது. பச்சைத் தண்டைக் கடித்தால் நாவில் படும் மெல்லிய காரம் அந்த உறவின் சுவை. ஊ ஜாங்சுன் 1950இல் கொரியாவுக்குக் குடிபெயர்ந்து, 1959இல் இறக்கும்வரை, போரால் நலிந்த அந்நாட்டுக்குக் கோஸ், முள்ளங்கி ஆகியவற்றின் நல்ல விதைகளை உருவாக்குவதில் தம் காலத்தைச் செலவிட்டார். கிம்ச்சி போட அந்நாட்டினர் ஜப்பானிய விதைகளை நம்பியிருந்த நிலையை மாற்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இதிலிருந்து, பாக் சோயைச் சீன முட்டைக்கோஸ் என்று தமிழில் எழுதுவது சரியா என்ற கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். முட்டைக்கோஸ் என்ற பெயரில் உள்ள முட்டை அதன் உருண்ட வடிவத்தைக் குறிக்கிறது. ஆங்கிலப் பெயரும் தலை என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததே. இலங்கைத் தமிழர் வழங்கும் கோவா என்ற பெயருக்கோ வடிவத்தோடு தொடர்பில்லை. அது போர்த்துகீசியரின் கோவ் என்ற சொல்லிலிருந்து வந்தது. தலையும் இல்லாத, முட்டை வடிவமும் இல்லாத, முட்டைக்கோசின் நேரடி இனமும் அல்லாத ஒரு கீரையைச் சீன முட்டைக்கோஸ் என்பது மூன்று வகையிலும் பொருந்தவில்லை. மூடிய நாப்பாவுக்குச் சீனக் கோஸ் என்ற பெயர் வடிவத்தால் பொருந்தும். விரிந்த வகையைப் பாக் சோய் என்றே சொல்லலாம். தமிழ்ப் பெயர் வேண்டுமானால் வெண்தண்டுக் கீரை என்பது மூலப் பொருளுக்கும் உண்மையாக இருக்கும், நம் தண்டுக்கீரையின் வரிசையிலும் இயல்பாக அமரும்.

வாங்கும்போதும் சமைக்கும்போதும் இந்த வேறுபாடு பயன்படும். செய்முறைக் குறிப்பில் சீனக் கோஸ் என்று மட்டும் இருந்தால், அதை எழுதியவர் எந்த வட்டாரத்தவர் என்று பாருங்கள். கிம்ச்சி, சூப், ஆவியில் வேகவைக்கும் கொழுக்கட்டையின் பூரணம் ஆகியவற்றுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் மூடிய வகை. பூண்டோடு சட்டெனப் புரட்டி எடுப்பதற்குச் சொல்லப்படுவது தண்டுக் கீரை. பாக் சோயின் தண்டுகள் அடியில் குழிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் மண் அங்கே தங்கும். அடியைச் சற்று நறுக்கி, தண்டுகளைப் பிரித்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். தண்டையும் இலையையும் தனித்தனியே நறுக்கி, நன்கு காய்ந்த சீனச்சட்டியில் தண்டை முதலில் போட்டு ஒரு நிமிடம் புரட்டியபின் இலையைச் சேர்த்தால், இலை குழையாமலும் தண்டு பச்சை வாடை அடிக்காமலும் ஒரே நேரத்தில் வேகும். மற்றொரு நன்மையும் இதில் உண்டு. பசலை போன்ற கீரைகளில் ஆக்சலேட் மிகுதியாக இருப்பதால் அவற்றில் உள்ள கால்சியத்தை உடல் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. பாக் சோயில் ஆக்சலேட் மிகக் குறைவு, 100 கிராமுக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அதில் பெரும்பகுதி உடலுக்குச் சேர்கிறது.

தொட்டியில் வளர்த்துப் பார்க்க விரும்புவோர் 45 நாட்களில் அறுவடை செய்யலாம். ஒன்றிரண்டு செடிகளை அறுக்காமல் விட்டால், நடுத்தண்டு நீண்டு, சிலுவை போல நான்கு இதழ்கள் விரிந்த மஞ்சள் பூக்கள் கொத்தாகப் பூக்கும். கடுகு வயலைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பூவை அடையாளம் காட்டத் தேவையில்லை.